எல்லாருக்கும் நல்ல பிள்ளையாக விளையாடாதீர்கள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பதினொன்றரை இருக்கும். தெஹிவளையில் இருக்கும் சித்தியின் மகன் வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தான். "அண்ணா, ஷேடோஹார்ட் கோவிச்சுக்கொண்டு போயிட்டாள். நான் ஒரு பிழையும் செய்யேல்லையே. அவள் சொன்னதுக்கெல்லாம் ஓம் எண்டுதானே சொன்னனான்."

பால்டர்ஸ் கேட் 3 என்ற கொம்பியூட்டர் விளையாட்டை, நம் தேர்வுகளுக்கு ஏற்பக் கதை மாறும் வகை, விளையாடியவர்களுக்கு விஷயம் பாதி விளங்கியிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஷேடோஹார்ட் நம்மோடு வரும் துணைப் பாத்திரங்களில் ஒருத்தி, ஷார் என்ற இருள் தெய்வத்தின் பக்தை. கதையின் நடுவில் நைட்சோங் என்ற கைதியை அவள் தன் கையாலேயே கொல்ல வேண்டும் என்பது அந்தத் தெய்வத்தின் கட்டளை. அவளுடைய வாழ்க்கை முழுக்க அந்த ஒரு இடத்தை நோக்கித்தான் வருகிறது. குழுவில் நம்மோடு சேர்த்து நான்கு பேருக்குத்தான் இடம். அடிபிடிக்கு லேஸல், கார்லாக் என்ற மற்றத் துணைகள் வேண்டும் என்று நினைத்த தம்பி, ஷேடோஹார்ட்டை முகாமில் விட்டுவிட்டுப் போய் நைட்சோங்கை விடுவித்துவிட்டான். திரும்பி வந்தால் அவள் நிற்பாளா?

அவன் செய்ததுதான் இந்த வகை விளையாட்டுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு. நாம் செய்தது பிடித்திருந்தால் திரையின் ஓரத்தில் 'ஷேடோஹார்ட் அப்ரூவ்ஸ்' என்று வரும் வரியை வங்கிக் கணக்கு மாதிரி நினைப்பது. போடப் போட ஏறும், ஏறியது பிறகு கைகொடுக்கும் என்ற நம்பிக்கை. அந்த எண்ணிக்கைக்குப் பயன் உண்டுதான், ஆனால் ஒரு பாத்திரத்தின் சொந்தக் கதை நடக்கும் இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் அது உதவாது. யாருடைய பெயர், யாருடைய தெய்வம், யாருடைய பழைய பகை ஒரு இடத்தில் அடிபடுகிறதோ, அவருக்கு அன்றைக்குக் குழுவில் இடம் கொடுங்கள். சண்டை கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், பரவாயில்லை.

இதே கைதிக் காட்சியில் இன்னொரு தவறும் நடக்கும். ஷேடோஹார்ட் ஈட்டியோடு நிற்கிறாள். நமக்கு முன்னால் சில பதில்கள். பலர் உடனே 'கொல்லாதே' என்று வற்புறுத்தும் பதிலைத் தேர்ந்து, அது பலிக்குமா என்று தீர்மானிக்கும் பகடையை உருட்டி, தோற்று, எஃப்8 விசையை அழுத்தி, முன்பு சேமித்து வைத்த இடத்துக்கு, அதாவது பழைய சேவுக்கு, ஓடுவார்கள். நான் முதல் தடவை 'நீயே முடிவு செய்' என்கிற மாதிரியான பதிலைத்தான் தேர்ந்தேன், அதுவும் தயக்கத்தோடு. சில நொடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அவளே ஈட்டியை எறிந்துவிட்டாள். அதுவரை அவளோடு போதிய நெருக்கம் இருந்தால் பகடையே தேவையில்லை. நம்முடைய தேர்வு என்பது எப்போதும் நாம் பேசி வெல்வது என்று நினைத்திருந்த எனக்கு, வாயை மூடிக்கொள்வதும் ஒரு தேர்வு என்று அந்த இடத்தில்தான் உறைத்தது.

எல்லாருக்கும் நல்ல பிள்ளையாக இருக்கப் பார்ப்பது அடுத்த சிக்கல். கல்யாண வீட்டில் இரண்டு பக்கத்தாரிடமும் 'நீங்கள் சொல்வதுதான் சரி' என்று சொல்லித் திரியும் ஆட்களை வெள்ளவத்தையில் எந்த மண்டபத்திலும் பார்க்கலாம். விளையாட்டில் நாம் அதைத்தான் செய்கிறோம். அஸ்டாரியன் என்ற துணை பக்கத்தில் நின்றால் ஈவிரக்கமில்லாத பதில், வில் என்ற துணை பக்கத்தில் நின்றால் தர்மவான் பதில். கடைசியில் நம் கதாபாத்திரத்துக்கென்று ஒரு குணமே மிஞ்சாது.

இதற்கு நல்ல பதில் 2011இல் வந்த ட்ராகன் ஏஜ் 2 என்ற இன்னொரு விளையாட்டு. அதில் துணைகளோடு நட்பு மட்டுமல்ல, போட்டி என்றும் ஒரு முனை உண்டு. ஒருவரோடு ஓயாமல் முரண்பட்டாலும் அந்த உறவு ஆழமாகும். இசபெல்லா என்ற கப்பல்காரி நடுக்கதையில் நம்மை விட்டு ஓடிவிடுவாள். நட்போ போட்டியோ, ஏதாவது ஒரு பக்கம் நன்றாக ஏறியிருந்து, அவள் சம்பந்தப்பட்ட வேலையையும் முடித்திருந்தால்தான் திரும்பி வருவாள். இன்றைக்கு இனிப்பு, நாளைக்குக் கசப்பு என்று நடுவில் நின்றவர்களிடம் அவள் திரும்புவதில்லை. அந்த விளையாட்டில் ஒரே குகையைப் பத்துத் தடவை காட்டுவார்கள், அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பிறகு வந்த பல பெரிய விளையாட்டுகளை விட அது புத்திசாலி.

சரி, எஃப்8ஐ அழுத்திப் பழைய சேவை லோட் பண்ணும் பழக்கம். இதைப் பற்றி உபதேசம் செய்ய எனக்கு அருகதை இல்லை, நானும் பழைய பாவிதான். என்னைத் திருத்தியது 2022 மின்வெட்டு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தது ஞாபகம் இருக்கும். கரண்ட் வரும் நேரத்தில் பழைய கொம்பியூட்டரில் அதே வரிசையின் முதல் விளையாட்டான ட்ராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் விளையாடிக்கொண்டிருந்தேன். 2009இல் வந்தது, அந்தக் கொம்பியூட்டருக்கு அதுவே பாரம். லோகெய்ன் என்ற துரோகித் தளபதி தோற்று மண்டியிடும் கட்டம். அவனைக் கொல்லாமல் நம் படையில் சேர்க்கலாம் என்று ஒரு யோசனை வருகிறது. நாடு பிழைக்க ஆள் வேண்டுமே என்று சம்மதித்தேன். தொடக்கத்தில் இருந்து கூடவே வந்த அலிஸ்டர், தன் குருவைச் சாகவிட்டவனோடு நிற்க மாட்டேன் என்று போயே போய்விட்டான். என்னிடம் இருந்த முந்தைய சேவ் மூன்று மணித்தியாலத்துக்கு முந்தியது. மூன்று மணித்தியாலக் கரண்ட் அந்த நாட்களில் சும்மா செலவழிக்கிற பொருள் இல்லை. அப்படியே தொடர்ந்தேன். மீதிக் கதை முழுக்க நான் வெறுத்த அந்த மனிதன் என் பக்கத்தில் நின்று சண்டை பிடித்தான். அதுவரை நான்கு தடவை முடித்திருந்த விளையாட்டில் மனதில் நிற்பது அந்த ஐந்தாவது தடவைதான்.

ஓய்வெடுக்கப் பயப்படுவதும் ஒரு தவறு, சின்னதாகத் தெரிந்தாலும் இழப்பு பெரியது. பால்டர்ஸ் கேட் 3 தொடக்கத்திலேயே 'மூளைக்குள் புழு இருக்கிறது, சீக்கிரம் அரக்கனாக மாறிவிடுவாய்' என்று மிரட்டும். அதை நம்பி நாட்கணக்கில் தூங்காமல் ஓடுகிறவர்கள் ஏராளம். அப்படி ஒரு கடிகாரம் உள்ளே ஓடவில்லை. துணைகள் மனம் திறந்து கதைப்பது பெரும்பாலும் முகாமில், இரவில்தான். அஸ்டாரியன் யார் என்ற உண்மையும் ஒரு இரவில்தான் வெளிவரும். ஒரு முழு ஓய்வுக்குச் சாதாரண நிலையில் 40 உணவுப் பொருட்கள் போதும், பெட்டிகளைத் துழாவினாலே கிடைத்துவிடும். எரிகிற சத்திரத்தைக் கண்ட பிறகு தூங்கப் போனால் மட்டும் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க மாட்டார்கள். கண்முன்னால் தீ எரிந்தால் அணையுங்கள், மற்றபடி தூங்குங்கள்.

கேல் என்ற மந்திரவாதித் துணை மந்திரப் பொருள் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பையில் சும்மா கிடக்கும் ஒரு பழைய சப்பாத்து போதும், அதில் மந்திரம் இருந்தால் சரி. திரும்பத் திரும்ப மறுத்தால் அவனும் கிளம்பிவிடுவான்.

கடைசியாக, எல்லாரையும் ஒரே தடவையில் சேர்த்துவிட வேண்டும் என்ற ஆசை. முத்திரை சேர்க்கிற மாதிரி. இதற்காகவே பலர் பக்கத்தில் போனை வைத்து, விக்கியைத் திறந்து, எந்தப் பதிலுக்கு யார் சிரிப்பார் என்று பார்த்துப் பார்த்து விளையாடுகிறார்கள். பால்டர்ஸ் கேட் 3 வெளிவந்தபோது 60 டொலர், நம் காசில் கிட்டத்தட்ட 19,000 ரூபாய். அவ்வளவு கொடுத்து வாங்கி, விடைத்தாளைப் பார்த்துப் பரீட்சை எழுதுவானேன்? அதோடு இந்த விளையாட்டே அந்த ஆசைக்கு இடம் கொடுக்காமல்தான் கட்டப்பட்டிருக்கிறது. கோப்ளின்கள் பக்கம் நின்று தோப்பில் இருக்கும் அகதிகளைத் தாக்கினால் வில்லும் கார்லாக்கும் உங்களோடு இருக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் கோப்ளின் படையின் தலைவிகளில் ஒருத்தியான மிந்தாரா துணையாகக் கிடைப்பாள். தொடக்கத்தில் அவளைச் சேர்க்க அது ஒன்றே வழி. பிறகு வந்த அப்டேட்டில், அவளைக் கொல்லாமல் மயக்கிவிட்டும் சேர்க்க வழி செய்தார்கள். அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

தம்பி இப்போது புதிதாகத் தொடங்கி அந்தக் கெட்ட வழியில் போய்க்கொண்டிருக்கிறான். நேற்று மறுபடியும் குரல் செய்தி. "கார்லாக் போயிட்டாள் அண்ணா. நான் செய்தது அவளுக்கு அவ்வளவு அருவருப்பா இருந்திருக்கு." கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "இல்லை, லோட் பண்ணேல்லை" என்றான்.