ஆன்டிபாடி வகைகளை எண்ணும்போது சறுக்கும் இடங்கள்

கோவையில் பயோடெக் ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் சிலர் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதம்) ஜீன்களின் சீக்வென்சிங் தரவை, அதாவது ஜீன்களின் எழுத்து வரிசையைப் படித்த தரவை, எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். பி செல் என்ற வெள்ளணு ஒவ்வொன்றும் வி, டி, ஜே என்ற ஜீன் துண்டுகளை வெட்டி ஒட்டித் தனக்கென ஓர் ஆன்டிபாடியை உருவாக்குகிறது. இதைக் கண்டறிந்த சுசுமு டோனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. அருமையான துறைதான். ஆனால் எண்ணுவதில் ரொம்பக் கவனம் வேண்டும்.

அடிக்கடி நான் பார்ப்பது, தரவில் ஒரு ஆன்டிபாடி ஜீன் வரிசை பத்தாயிரம் முறை வந்தால் பத்தாயிரம் செல் என்று எழுதிவிடுவது. அப்படியில்லை. ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா செல் ஒன்றில், ஓய்வில் இருக்கும் பி செல்லைவிட நூறு மடங்குக்கும் மேலாக ஆன்டிபாடி ஆர்என்ஏ (ஜீனிலிருந்து செல் எடுக்கும் நகல்) இருக்கலாம். அப்புறம், படிப்பதற்கு முன் வரிசைகளை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் சில வரிசைகளை மட்டும் கூடுதலாகப் பெருக்கும், நடுவில் எழுத்துப் பிழையும் செய்யும். அந்தப் பிழைகளே புது வகைகளாகக் கணக்கில் ஏறிவிடும். பெருக்குவதற்கு முன்பே ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனி அடையாள வரிசை ஒட்டினால் பிசிஆர் தொல்லை பெருமளவு தீரும். ஆனால் அதுவும் மூலக்கூறுகளைத்தான் எண்ணும். செல்லை எண்ண வேண்டுமென்றால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே படிக்கும் தனிச்செல் முறைக்குப் போக வேண்டும். ஆன்டிபாடி கனச் சங்கிலி, இலேசான சங்கிலி என்ற இரு வகைப் புரத இழைகள் சேர்ந்தது; எந்தக் கனச் சங்கிலிக்கு எந்த இலேசான சங்கிலி ஜோடி என்பதும் அதில்தான் நேரடியாகத் தெரியும். செல்களை மொத்தமாக உடைத்தால் ஜோடி பிரிந்துவிடும்.

பத்து மில்லி ரத்தத்தில் காணாத வகை உடம்பிலேயே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு மூட்டையில் கைவிட்டு எடுத்த விரலியை வைத்து ஈரோட்டு மண்டியின் மொத்த மஞ்சள் வரத்தையும் சொல்ல முடியுமா? நிணநீர் செல்களில் சுமார் 2 சதவீதம்தான் ரத்தத்தில் ஓடுகிறது. மீதி நிணநீர் முடிச்சு, மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது. இரண்டு பேரை ஒப்பிடும்போது இருவரிடமும் சமமான எண்ணிக்கையில் வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மனசு அடித்துக்கொள்வது இன்னொரு தவறுக்காக. ஒப்பிடப் பயன்படும் ஜீன் பட்டியல்களில் நம் ஊர் மக்களின் ஜீன் வடிவங்கள் குறைவாகவே பதிவாகியிருக்கின்றன. பெற்றோர் வழி வந்த வேறுபாட்டை, தொற்றை எதிர்த்தபோது ஏற்பட்ட மாற்றம் என்று மென்பொருள் காட்டிவிடும். இன்னும் எதையும் எதிர்கொள்ளாத பி செல்களைத் தனியே பிரித்துப் பாருங்கள். ஒரே வி ஜீனில், ஒரே இடத்தில், தொடர்பில்லாத பல செல்களிலும் அதே மாற்றம் இருந்தால் அது பிறப்பிலேயே வந்ததாகத்தான் இருக்கும்.