பழைய காரில் காலை ஸ்டார்ட்டிங் சிக்கலும் ரேடியேட்டர் ஃபேன் கோளாறும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு வண்டி முரண்டு பிடிக்கிறது. டிராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, அல்லது ஃபேன் நிற்காமல் ஓடுகிறது. பதினைந்து, இருபது வயதான ஜென், எஸ்டீம், சான்ட்ரோ வைத்திருப்பவர்கள் பலரும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். ஒர்க்‌ஷாப்பில் மட்டும் இது இரண்டு தனி வேலையாகிவிடும். ஸ்டார்ட்டிங்குக்கு பிளக்கும் பேட்டரியும், சூட்டுக்கு ஃபேன் மோட்டார். பணம் வீணாவது இந்தப் பிரிவினையில்தான். இஞ்செக்‌ஷன் (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் முறை) வைத்த பெட்ரோல் வண்டியில் இரண்டுக்கும் ஒரே வேர் இருக்கலாம். அது, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூட்டை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார்.

இன்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டருக்கு, சொல்வது இந்தச் சென்சார். குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். சென்சார் கெட்டு, காலையிலேயே ‘சூடாக இருக்கிறேன்’ என்று சொன்னால் பெட்ரோல் குறைந்துவிடும். செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. ஒயர் அறுந்தாலோ கனெக்டரில் பச்சை பூத்தாலோ கதை தலைகீழ். மைனஸ் 40 டிகிரி குளிர் என்று ஈசியூ நினைத்துக்கொண்டு பெட்ரோலை ஊற்றும். கரும்புகை வரும், பிளக் கறுக்கும், மைலேஜ் விழும். ஃபேனையும் ஈசியூவே இயக்கும் பல வண்டிகளில், சென்சாரை நம்ப முடியாத நிலையில் பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிட்டுவிடும். ‘ஃபேன் நிற்கவே மாட்டேங்குது’ என்ற புகாருக்கு ஃபேனை மாற்றிப் பயனில்லாதது இதனால்தான்.

இதைச் சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் இரண்டு பின்களுக்கு இடையே ஓம்ஸ் பாருங்கள். ரகத்துக்கு ரகம் மாறும் என்றாலும், பொதுவாக 20 டிகிரியில் இரண்டிலிருந்து மூன்று கிலோ ஓம் இருக்கும். நம் சமவெளிக் காலை வெப்பத்தில் அதைவிடக் கொஞ்சம் குறையும். இன்ஜின் சூடாகி 80 டிகிரியைத் தொட்டால் 300 ஓம் பக்கம் இறங்க வேண்டும். ஈசியூ காட்டும் அளவுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட முடிகிற வண்டி என்றால் இன்னும் எளிது. இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் வெப்பமும் உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் இரண்டில் ஒரு சென்சார் பொய் சொல்கிறது.

சரி, சென்சார்தான் என்று முடிவானாலும் எதை மாற்றுவது என்பதில் அடுத்த தவறு காத்திருக்கிறது. பல பழைய வண்டிகளில் பார்க்க ஒரே மாதிரியான மூன்று சாமான்கள் உண்டு. டேஷ்போர்டு முள்ளுக்குச் சூட்டைச் சொல்லும் ஒற்றை ஒயர் ‘செண்டர்’ (sender), ஈசியூவுக்கு இரண்டு ஒயர் சென்சார், ஃபேனுக்குத் தனி ஸ்விட்ச். முள் சரியாகக் காட்டுகிறது என்பதால் ஈசியூ சென்சார் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இனி, எனக்குக் கோபம் வரவைக்கும் இரண்டு ‘தீர்வுகள்’. ஃபேனை இக்னிஷனிலிருந்து ‘டைரக்ட்’ கொடுப்பது முதலாவது. சாவியைத் திருப்பியதும் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும், பேட்டரிக்குச் செல்ஃப் மோட்டாரோடு சேர்த்து ஃபேன் சுமையும் விழும். பேட்டரி ஏற்கெனவே தளர்ந்திருந்தால், ஸ்டார்ட்டிங் சிக்கலை நாமே உண்டாக்கியது போலாகிவிடும். ரிலே (அதிகக் கரண்டைத் தாங்கும் மின் ஸ்விட்ச்) இல்லாமல் மெல்லிய ஒயரில் கொடுத்திருந்தால் ஒயர் உருகுவதும் நடக்கும்.

இரண்டாவது, ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. சுமார் 82 டிகிரி வரை ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியை மூடிவைத்து இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்குவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் ஹைவேயில் இன்ஜின் உரிய சூட்டை எட்டாமலே ஓடும், ஈசியூ கூடுதல் பெட்ரோலை நிறுத்தாது, அந்தப் பெட்ரோல் ஆயிலில் கலக்கும். தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டால் புதியது போடுங்கள். கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள்.

ஃபேன் சுற்றவே இல்லையா? மோட்டாரை வாங்கும் முன் ஏசியைப் போட்டுப் பாருங்கள். ஒற்றை ஃபேன் வண்டியில் ஏசிக்குச் சுற்றினால் மோட்டாரும் ஃப்யூஸும் நன்றாக இருக்கின்றன. கோளாறு சென்சார், ஸ்விட்ச் பக்கம். ஏசிக்கும் சுற்றாவிட்டால் முதலில் ஃப்யூஸ், பிறகு ரிலே. அதே ரகம் என்றால் ஹார்ன் ரிலேயை மாற்றிச் செருகிப் பார்க்கலாம். அப்புறம் மோட்டாருக்கு நேரடியாகப் பேட்டரி கரண்ட் கொடுத்துப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஃபேன் எந்த நொடியிலும் சுற்றத் தொடங்கலாம். கையை உள்ளே விடாதீர்கள். ரேடியேட்டர் மூடியையும் அப்போது திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடி கழன்ற கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

இன்னொன்று: டிராஃபிக்கில் மட்டும் சூடேறினால் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். ஹைவேயில் வேகமாகப் போகும்போது சூடேறினால் அது ஃபேன் இல்லை. காற்றுதான் தாராளமாக அடிக்கிறதே! ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் பக்கம் போங்கள்.

சென்சார் சரியாக இருந்தும் காலையில் தகராறு என்றால், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி டெர்மினலில் வோல்ட் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. விழாமலே செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் எர்த் ஒயரையும் டெர்மினலையும் சுத்தம் செய்யுங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? சாவியை ஆன் செய்து இரண்டு நொடி பொறுத்து ஆஃப் செய்யுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தபின் டக்கென்று பிடித்தால், இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். பெட்ரோல் பின்னோக்கி இறங்காமல் தடுக்கும், ஃப்யூயல் பம்பின் செக் வால்வையோ ஒழுகும் இஞ்செக்டரையோ பாருங்கள். பழைய டீசல் இண்டிகா போன்றவற்றில் முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக் மீதுதான்.

எந்தச் சாமானை மாற்றினாலும், கடைசியில் போர்வெல் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டால் பாதி வேலைதான். உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களில் படியும், சென்சார் முனையிலும் படியும். டிஸ்டில்ட் வாட்டரில் கலந்த கூலன்ட் ஊற்றுங்கள். உள்ளே காற்று சிக்கினால் சென்சார் தண்ணீரில் நனையாது. இன்ஜின் கொதித்தாலும் ஃபேன் ஓடாது. அதனால் ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்து, காருக்குள் இருக்கும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றி, சூடு ஏறுமுன் மூடுங்கள். ஃபேன் இரண்டு முறை தானாக ஓடி நின்ற பிறகு வண்டியை வெளியே எடுக்கலாம். மறுநாள் ஆறியதும் அளவைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்பிவிடுங்கள்.