மளிகைச் செலவு குறையணுமா? முதலில் எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள்

மளிகைச் செலவைக் குறைக்க வழி கேட்டால் எல்லாரும் கடையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். லிஸ்ட் போட்டு வாங்கு, பசியோடு கடைக்குப் போகாதே, ஆஃபர் பார்த்து வாங்கு. சரி, அதெல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் நான் பார்த்த வரை நம் வீடுகளில் பணம் அதிகம் கரைவது ராத்திரி ஏழரைக்கும் பத்தரைக்கும் நடுவில். ஏழரைக்குப் பையனுக்கு நூடுல்ஸ், எட்டு மணிக்கு மாமனாருக்கு இரண்டு இட்லி, பத்து மணிக்கு வேலை முடிந்து வருபவருக்குத் தோசை, மத்தியானம் வைத்த சாம்பாரை யாரும் தொடாததால் அந்தத் தோசைக்குப் புதிதாக ஒரு சட்னி, நடுவில் யாரோ ஒருவர் "எனக்கு இது வேண்டாம்" என்று போனை எடுத்து ஆர்டர் போட்டுவிடுவார். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் நாலு சமையல் நடந்தால், பருப்பு கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைவாக எங்கே கிடைக்கிறது என்று அலைந்து பிரயோஜனம் இல்லை.

அதனால் இந்தக் குறிப்பு கடையில் ஆரம்பிக்காது. கடைக்குக் கடைசியில் போவோம்.

ராத்திரி சாப்பாட்டை ஒரு நேரத்துக்குக் கொண்டுவாருங்கள்

மூன்று வேளையையும் மாற்றப் பார்க்காதீர்கள், நடக்காது. காலையில் பள்ளி, ஆபீஸ் அவசரம். மத்தியானம் டிபன் பாக்ஸ். மிஞ்சுவது ராத்திரி மட்டும்தான். எட்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் அதுவரை தாங்க மாட்டார்கள் என்றால் ஆறு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ, அவித்த வேர்க்கடலையோ, வெல்லம் போட்ட அவலோ கொடுத்துவிடுங்கள், பிஸ்கட் பாக்கெட் செலவும் அதோடு போய்விடும். ஷிஃப்ட் வேலை, கடை வைத்திருப்பவர் என்று தினமும் நேரத்துக்கு வர முடியாத ஆள் வீட்டில் இருந்தால் வாரத்தில் நாலு நாள் போதும் என்று முடிவு செய்யுங்கள். ஏழு நாளும் கட்டாயம் என்றால் சண்டைதான் வரும்.

ஒன்றாகச் சாப்பிடும் ராத்திரிகளில் தோசை வேண்டாம். இதைச் சொன்னால் என் வீட்டிலேயே முறைப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன். தோசை என்றால் ஒருவர் அடுப்படியிலேயே நின்றாக வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டு எழுந்து போவார்கள், சுட்டவர் கடைசியில் ஆறிப்போன இரண்டைத் தின்பார். இட்லி, இடியாப்பம், கிச்சடி, அரிசி உப்புமா, சோறு, முன்கூட்டியே போட்டு வைத்த சப்பாத்தி, இப்படி எல்லாரும் உட்காருவதற்கு முன்பே சமையல் முடிந்துவிடும் பதார்த்தங்களாக வையுங்கள். தோசையை ஞாயிறு காலைக்கு ஒதுக்கிவிடலாம்.

அடுத்த சிக்கல், ஆளுக்கொரு ருசி. இதற்கு ஆளுக்கொரு குழம்பு வைக்கத் தேவையில்லை. ஒரே பருப்பை வேகவையுங்கள். மிளகாய்த்தூள் போடுவதற்கு முன் குழந்தைக்கு ஒரு கரண்டி எடுத்து நெய்யும் உப்பும் போட்டுத் தனியாக வையுங்கள். மீதியைச் சாம்பாராக்குங்கள். சர்க்கரை இருக்கிற பெரியவர் தட்டில் சோறு பாதியும் பொரியல் இரண்டு மடங்கும் இருக்கட்டும். கல்லூரி போகிற பையனுக்கு ஒரு ஆம்லெட். குழம்பு ஒன்றுதான், தட்டு மட்டும் மாறுகிறது.

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். நிறைய வீடுகளில் அம்மா கடைசியில்தான் சாப்பிடுகிறார். எல்லாருக்கும் பரிமாறி முடித்து, மிச்சம் இருப்பதைப் போட்டுக்கொள்கிறார். யாருக்கும் பற்றாமல் போய்விடக் கூடாது என்ற பயத்தில் தினமும் ஒரு கை அரிசி கூடுதலாகப் போடுகிறார், அது மிஞ்சுகிறது, மறுநாள் காலையில் அதையும் அவரே தின்கிறார் அல்லது குப்பைக்குப் போகிறது. பாத்திரங்களை எல்லாம் கூடத்தில் நடுவில் கொண்டுவந்து வைத்து, சமைத்தவரும் சேர்ந்து உட்கார்ந்து, அவரவர் எடுத்துப் போட்டுக்கொண்டால் எவ்வளவு இருக்கிறது, இன்னும் எத்தனை பேருக்கு வேண்டும் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். பத்து வயதுப் பிள்ளைகூட "அப்பாவுக்கு வைக்கணும்" என்று கரண்டியைப் பாதியில் நிறுத்தும். டிவியை அணைத்துவிடுங்கள், போன் சார்ஜரில் கிடக்கட்டும். பேச எதுவும் இல்லை என்றால் நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று பேசுங்கள். அங்கேயே முடிவாகிவிட்டால் மறுநாள் "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

அளவு

பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு 100 கிராம் அரிசி என்று வைத்து ஆரம்பியுங்கள். வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு டம்ளரில் எவ்வளவு அரிசி பிடிக்கிறது என்று மளிகைக் கடைத் தராசிலோ சமையல் தராசிலோ ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, அந்த டம்ளரை அரிசி டிரம்முக்குள்ளேயே போட்டுவிடுங்கள். இதற்கப்புறம் கண் அளவு வேண்டாம்.

மிஞ்சினால் என்ன? ஆறின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு, கூடச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் போதும். மிஞ்சிய இட்லியை உதிர்த்து உப்புமா செய்யலாம். புளித்த மாவு குழிப்பணியாரத்துக்கு நன்றாகவே இருக்கும். குழம்பு மிஞ்சினால் மறுநாள் சுண்டவைத்துச் சாப்பிடுவது நமக்குப் புதிதில்லை, புளிக்குழம்பும் மீன் குழம்பும் இரண்டாம் நாள்தான் ருசி. தேங்காய்ச் சட்னி மட்டும் வெளியில் வைத்தால் கெட்டுப்போகும், அதைக் கணக்காக அரையுங்கள்.

தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் ஒரு மாதம் மட்டும் இரண்டு விஷயம் எழுதிப் பாருங்கள்: இன்று எதைக் கொட்டினோம், எதை அவசரத்துக்கு ஓடிப்போய் வாங்கினோம். முழுக் கணக்கு நோட்டு யாரும் தொடர்ந்து எழுதுவதில்லை. இந்த இரண்டையும் பார்த்தாலே அடுத்த மாத லிஸ்டில் எதைக் குறைப்பது என்று தெரிந்துவிடும்.

இனி கடை

முதலில் ரேஷன். அரிசி அட்டைக்கு அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் பருப்பு விற்கிற விலைக்கு இதை விடுவது எனக்குப் புரியவே இல்லை. பருப்பு வேக நேரமாகிறது என்றால் அரைமணி நேரம் வெந்நீரில் ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள். அரிசி சோறாகப் பிடிக்கவில்லையா, மாவுக்கு வையுங்கள்: புழுங்கல் அரிசி நாலு பங்குக்கு உளுந்து ஒரு பங்கு, ஒரு டீஸ்பூன் வெந்தயம், அரிசியை நாலைந்து தண்ணீர் விட்டுக் கழுவினால் வாடையும் இருக்காது. மாவு பாக்கெட் வாங்குகிற காசு மிச்சம். கழுவும்போது கொஞ்சம் அரிசி மட்டும் மேலே மிதக்கலாம், நிறமும் லேசாக மாறி இருக்கலாம். பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பிப் பொறுக்கி எறியாதீர்கள். அரிசி மாவில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் சேர்த்து அரிசி வடிவில் செய்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருக்கிற செறிவூட்டிய அரிசி அது.

காய்க்கு உழவர் சந்தை. 1999-இல் மதுரையில் முதல் சந்தை திறந்ததிலிருந்து இன்றுவரை அங்கே பிடித்த விஷயம் வாசலில் இருக்கிற விலைப்பலகைதான், பேரம் பேசத் தெரியாதவரும் ஏமாற மாட்டார். காலை ஆறரைக்குள் போனால் நல்ல காய், ஒன்பதரைக்கு மேல் போனால் குறைந்த விலையில் கழித்த காய். சாம்பாருக்கும் கூட்டுக்கும் கழித்த காய் போதும், பொரியலுக்கு வேண்டாம். கடைசியாக வாங்குகிற கடையில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறு கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

விலை ஏறுகிற காயோடு மல்லுக்கட்டாதீர்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அந்த மாதிரி வாரங்களில் மோர்க்குழம்பு, மிளகுக் குழம்பு, வத்தக்குழம்பு, எலுமிச்சை ரசம் என்று தக்காளியே கேட்காத சமையலுக்குப் போய்விடுங்கள். முருங்கைக்காய் கோடையில் மலிவு, கார்த்திகை மார்கழியில் தங்கம். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் காய் வாங்கவே போகாதீர்கள், வாழைக்காயிலிருந்து பூசணி வரை எல்லாம் ஏறி நிற்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது கடல்மீன் விலை கேட்டால் தலை சுற்றும். அந்த இரண்டு மாதம் கட்லா, ஜிலேபி மாதிரி வளர்ப்பு மீனோ முட்டையோ போதும். முட்டையை 30 இருக்கிற அட்டையாக வாங்குங்கள். நாமக்கல் கொள்முதல் விலை பேப்பரில் தினமும் வருகிறது, அதைவிடக் கடைக்காரர் எவ்வளவு கூட்டி விற்கிறார் என்று உங்களுக்கே தெரியும்.

வருஷச் சாமான்தான் பெரிய லாபம். புளி, மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் மாசி பங்குனியில் புதுசு வரும். மாதாமாதம் கால் கிலோ பாக்கெட்டாக வாங்குவதற்கும் அந்த இரண்டு மாதத்தில் மொத்தமாக வாங்குவதற்கும் விலையில் நல்ல வித்தியாசம் உண்டு. ஒரேயடியாகப் பணம் போட முடியாவிட்டால் அக்கா வீடு, பக்கத்து வீடு என்று மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். புளியைக் கொட்டை, நார் எடுத்து, வெயிலில் காயவைத்து, கல் உப்பு தூவி ஜாடியில் அடைத்தால் வருஷம் முழுக்க இருக்கும்.

சாம்பார்ப் பொடிக்கு என் அளவு இது: மல்லி ஒரு கிலோ, மிளகாய் அரைக் கிலோ, துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் தலா 100 கிராம், மிளகு 50, சீரகம் 50, வெந்தயம் 25, விரலி மஞ்சள் 50 கிராம். இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, மஞ்சளை மட்டும் தட்டி உடைத்துச் சேர்த்து மில்லுக்குக் கொண்டுபோங்கள். அங்கே உங்களுக்கு முன்னால் அரைத்தவர் என்ன அரைத்தார் என்று பார்த்துவிட்டுத்தான் தூக்குவாளியைக் கொடுக்கணும். மிளகாயோ மல்லியோ என்றால் நிம்மதி. சீயக்காய் என்றால் இன்னொருவர் மசாலா அரைத்து முடிக்கும் வரை காத்திருங்கள், அவசரப்பட்டால் ஆறு மாதத்துக்குச் சாம்பாரில் சீயக்காய் மணக்கும். அரைத்த பொடி சூடாக வரும், அப்படியே மூடினால் வேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் பேப்பரில் பரப்பி, முழுக்க ஆறின பிறகு டப்பாவில் அடையுங்கள். அந்த மணத்துக்கே பிள்ளைகள் அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் ஒன்றே ஒன்று பாருங்கள். பாக்கெட்டில் பெரிய எழுத்தில் இருக்கிற விலைக்குப் பக்கத்தில் ஒரு கிராம் விலை பொடி எழுத்தில் இருக்கும், அதை ஒப்பிடுங்கள். எண்ணெய் ஒரு லிட்டர் என்பது ஏறத்தாழ 910 கிராம். அதே உயரத்தில் 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டுகளும் அலமாரியில் நிற்கும், பத்து ரூபாய் குறைவு என்று கை அதற்குத்தான் போகும்.

மாசக் கடைசி

25-ஆம் தேதிக்கு மேல் புதிதாக எதுவும் வாங்காமல் இருப்பதை வீட்டில் ஒரு பந்தயமாகவே வைத்துக்கொள்ளலாம். எல்லா டப்பாவிலும் அடியில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். கொள்ளு இருந்தால் ரசமும் துவையலும், பாசிப்பருப்பு இருந்தால் பொங்கல். கூடையில் ஒரு முருங்கைக்காய், இரண்டு கத்தரிக்காய், அரை வாழைக்காய் என்று உதிரியாகக் கிடந்தால் திருநெல்வேலிப் பக்கம் செய்கிற கூட்டாஞ்சோறு வையுங்கள். இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம் பருப்பு. பருப்பு பாதி வெந்ததும் அரிசியும் காய்களும் மஞ்சளும் போடுங்கள். புளியை முன்னாலேயே ஊற்றினால் பருப்பும் காயும் வேகாமல் அடம் பிடிக்கும், அதனால் சோறு முக்கால் வெந்த பிறகு புளிக்கரைசல், உப்பு, அப்புறம் தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம் அரைத்த விழுது. இறக்கும்போது ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போட்டு, வெங்காய வடகத்தைத் தேங்காய் எண்ணெயில் தாளித்துக் கொட்டிக் கிளறுங்கள். காய் நறுக்குவது ஒருவர், கீரை உருவுவது பிள்ளைகள், தேங்காய் துருவுவது வீட்டு ஆண்கள் என்று பிரித்துவிட்டால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், கழுவ வேண்டிய பாத்திரமும் ஒன்றுதான். தொட்டுக்க அப்பளம் போதும், அதையும் பொரிக்காமல் தணலில் சுட்டு எடுங்கள், மாசக் கடைசியில் எண்ணெய்ப் பாக்கெட்டைப் புதிதாக உடைக்க வேண்டாம்.