லத்தீன் குறிப்பு வந்தால் எங்கே சறுக்குகிறோம்?

ஆங்கிலக் குறுக்கெழுத்தில் ‘லத்தீனில் மணல், ஐந்து எழுத்து’ என்று வந்தால் பழகியவர்கள் உடனே ‘அரீனா’ என்று எழுதிவிடுவார்கள். ரோமானியர்கள் வீரர்கள் மோதும் களத்தில் மணலைப் பரப்பினார்கள். மணலின் பெயரே களத்துக்கும் ஆகிவிட்டது. நம் இலக்கணத்தில் ஆகுபெயர் என்கிறோமே, அதுதான். இந்த வகைக் குறிப்புகள் எனக்கு மிகவும் பிடித்தவை. லத்தீன் படிக்காதவர்களும் இவற்றை அவிழ்க்கலாம். ஆனால் சில இடங்களில் திரும்பத் திரும்பச் சறுக்குகிறோம்.

முதலில், ‘லத்தீனில்’ என்பதையும் ‘லத்தீனிலிருந்து’ என்பதையும் ஒன்றாகப் படித்துவிடுவது. ‘லத்தீனில் வேறிடத்தில்’ என்றால் விடை ‘அலிபை’. லத்தீன் சொல்லே எழுத்து மாறாமல் ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘சிறிய எலி என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது’ என்றால் கட்டத்தில் எழுத வேண்டியது ஆறெழுத்து ‘மசில்’. எட்டெழுத்து ‘மஸ்குலுஸ்’ அங்கே அடங்காது. (அவர்களுக்குத் தசை எலியாகத் தெரிந்திருக்கிறது. நம் வழக்கில் கால்சதைக்கும் ஒரு மீனுக்கும் கெண்டை என்றே பெயர்.)

அடுத்தது வினைச்சொல். பலரும் விடையைத் தவறவிடுவது இங்கேதான். ‘நான் பார்க்கிறேன்’ என்று குறிப்பு இருக்கும், ஐந்து எழுத்து. ‘நான்’ என்பதற்கு ஒரு சொல், ‘பார்க்கிறேன்’ என்பதற்கு இன்னொரு சொல் என்று தேடினால் கிடைக்காது. ஆங்கிலத்தின் கண்ணால் பார்ப்பதால் வரும் சிக்கல் இது. தமிழில் ‘பார்க்கிறேன்’ என்றாலே ‘நான்’ அதற்குள் வந்துவிடுகிறதல்லவா? லத்தீனும் அப்படித்தான். ‘வீடியோ’ என்றால் பார்க்கிறேன், ‘ஆடியோ’ கேட்கிறேன், ‘கிரீடோ’ நம்புகிறேன், ‘வீட்டோ’ தடுக்கிறேன். ‘பிளாசிபோ’ மட்டும் எதிர்காலம்: மகிழ்விப்பேன். மருந்தில்லாத மாத்திரைக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!

விகுதியை விட்டுவிட்டால் மாட்டிக்கொள்வோம். ‘அமோ’ நேசிக்கிறேன், ‘அமாஸ்’ நேசிக்கிறாய், ‘அமாத்’ நேசிக்கிறான் அல்லது நேசிக்கிறாள். பின்னிரண்டும் நான்கு எழுத்துதான். கடைசி எழுத்து மட்டும் வேறு. குறிப்பில் யார் நேசிக்கிறார்கள் என்று பார்க்காமல் பேனாவை எடுக்கக் கூடாது.

வேற்றுமை உருபும் அப்படியே. ஆண்டு ‘அன்னுஸ்’, ஆண்டுகள் ‘அன்னி’, ஆண்டில் ‘அன்னோ’. ‘இல்’ என்ற உருபு நமக்குச் சொல்லோடு ஒட்டிக்கொள்வதுபோல அவர்களுக்கும் ஒட்டிக்கொள்கிறது. நான்கு கட்டம் இருந்து, குறிப்பு ‘ரோமானியர் ஆண்டு’ என்று பொத்தாம்பொதுவாக இருந்தால், ஏ, என், என் என்று மூன்றை மட்டும் நிரப்புங்கள். நான்காவது கட்டம் ‘ஐ’யா, ‘ஓ’வா என்பதை அதைக் குறுக்கே வெட்டும் சொல் சொல்லட்டும். அவசரப்பட்டு ஓ போட்டு, மேலிருந்து கீழ் வரும் நல்ல விடையைச் சந்தேகப்பட்டு அழித்தவர்கள் ஏராளம்.

ரோம் என்ற பெயரைக் கண்டதும் லத்தீன் என்று முடிவு கட்டுவதும் தவறு. இன்றைய ரோமில் பேசுவது இத்தாலியன். அங்கே காதல் ஐந்தெழுத்து ‘அமோரே’. கவிஞர் ஓவிட் காலத்துக் காதல் நான்கெழுத்து ‘அமோர்’. ஓவிட், சிசரோ, நீரோ என்று பழைய ஆள் பெயர் வந்தால் லத்தீன் பக்கம் போகலாம். இன்னொன்று: ரோமானிய நாட்காட்டியில் மாதத்தின் நடுநாளான ‘ஐட்ஸ்’ என்றால் எப்போதும் 15ஆம் தேதி என்ற நினைப்பு. மார்ச், மே, ஜூலை, அக்டோபர் நான்கில்தான் 15. மற்ற மாதங்களில் 13.

அப்புறம் ஒலி ஒற்றுமை. ‘பென்’, ‘பென்சில்’ இரண்டும் ஒரே வேர் என்று தோன்றும். இல்லை. பென் வந்தது இறகைக் குறிக்கும் ‘பென்னா’விலிருந்து; பென்சில் வந்தது சிறிய வாலைக் குறிக்கும் ‘பெனிசில்லுஸ்’ஸிலிருந்து. முதலில் தூரிகைக்குத்தான் அந்தப் பெயர். தீவைக் குறிக்கும் ‘ஐல்’ என்பது லத்தீன் ‘இன்சுலா’ வழி வந்தது. ‘ஐலண்ட்’ பழைய ஆங்கிலச் சொல். ஐலைப் பார்த்து அதற்குள் ஓர் எஸ் பின்னால் நுழைந்துவிட்டது, அவ்வளவுதான்.

நாம் ஆசையோடு விழும் இடம் ‘கேஷ்’. காசிலிருந்து வந்தது என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். பணம் என்ற பொருளில் வரும் கேஷ், பெட்டியைக் குறிக்கும் லத்தீன் ‘காப்ஸா’விலிருந்து பிரெஞ்சு, இத்தாலியன் வழியாக வந்தது, முதலில் அது நம் கல்லாப்பெட்டி மாதிரி, பணம் வைக்கும் பெட்டியின் பெயர். ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு கேஷும் உண்டு: இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சின்ன நாணயம். அது போர்த்துகீசியர் வாய்வழி போன நம் காசு. இரண்டுக்கும் நான்கே கட்டம். குறிப்பில் பெட்டி இருந்தால் லத்தீன். பழைய நாணயம் இருந்தால் தமிழ்.