கேக்கின் மேல் ஊற்றும் சாக்லேட் மெருகு

100 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, ஈரம் சிறிதும் இல்லாத பாத்திரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 100 மில்லி ஃப்ரெஷ் கிரீமை மிதமான தீயில் வைத்து, ஓரங்களில் சிறு குமிழ்கள் எழத் தொடங்கியதும், பொங்கவிடாமல் இறக்கிச் சாக்லேட்டின் மேல் ஊற்றி, 2 நிமிடம் கரண்டியே போடாமல் விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டு உடனே கிளறுவதுதான் பலரும் செய்யும் தவறு. பிறகு நடுவிலிருந்து சிறு வட்டமாகத் தொடங்கி மெல்ல வெளிப்புறமாகக் கலக்கினால், முதலில் திரிந்ததுபோல் தோன்றும் கலவை சட்டென்று ஒன்றுசேர்ந்து கண்ணாடிபோல் மின்னும். இறுதியில் 15 கிராம் வெண்ணெய் சேர்த்தால் பளபளப்பு கூடும்.

எண்ணெய் பிரிந்து நின்றால் வீசிவிட வேண்டாம். ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான பாலை ஊற்றிக் கலக்கினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

ஊற்றுவதற்கு ஏற்ற சூடு ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால், கரண்டியின் பின்புறத்தில் படிந்த கலவையில் விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம் சரி. நன்றாக ஆறிய கேக்கைக் கம்பித் தட்டின் மேல் வைத்து, நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி ஒரே மூச்சில் ஊற்றுங்கள். கத்தியால் மீண்டும் மீண்டும் தடவினால் அந்த மினுமினுப்பு போய்விடும்.