பழைய மிக்ஸரில் தனித்தனி ட்ராக் எடுத்த கதை

என் மிக்ஸரில் எட்டு மைக் போடலாம், ஆனால் யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போவது என்னவோ இடது வலது என்று இரண்டே சேனல்தான், அதனால் மிருதங்கம் குரலை அமுக்கினாலும் பிறகு பிரிக்க வழியில்லை. விற்றுவிட மனசு வரவில்லை, அதில் மைக் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் நல்லது.

சேனல்களின் பின்னால் இன்சர்ட் ஜாக், அதாவது சிக்னல் வெளியே போய் அதே வழியில் திரும்பி வரும் துளை, இருந்தது. ஸ்டீரியோ ப்ளக்கில் டிப்பையும் (முனை) ரிங்கையும் (நடு வளையம்) ஒன்றாகச் சேர்த்து சால்டர் செய்து, அதிலிருந்து மோனோ ஒயர் எடுத்து, செகண்ட் ஹேண்டில் வாங்கிய எட்டு இன்புட் ஆடியோ இன்டர்ஃபேஸின் (சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டி) லைன் இன்புட்டில் (மைக் இன்புட்டில் அல்ல) கொடுத்தேன். சிக்னல் மிக்ஸருக்குள்ளும் தடைபடாமல் போகிறது. மோனோ ப்ளக்கைப் பாதி செருகினாலும் சில மிக்ஸரில் வேலை செய்யும், ஆனால் அசைந்தால் கரகரக்கும், எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது.

சிக்னல் ஃபேடருக்கு (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளு பட்டன்) முன்பே பிரிவதால், ரெக்கார்டிங் லெவலை மாற்ற ப்ரீஆம்பின் கெய்ன் குமிழ் மட்டும்தான். உச்சம் -12 டிபி பக்கம் நின்றால் போதும். கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் மின்சாரம் மிக்ஸரிலிருந்தே வரட்டும்.

அப்புறம் ஹெட்ஃபோனை மிக்ஸரில் மாட்டி, ரெக்கார்டிங் மென்பொருளான ரீப்பரில் மானிட்டரிங்கை (பதிவாகும் ஒலியைத் திருப்பிக் கேட்க வைப்பது) அணைத்ததும், கம்ப்யூட்டர் வழியாகச் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்து கேட்ட இரட்டைக் குரலும் போனது.