கரண்ட் வந்ததும் பிளானைத் திறக்காதீர்கள்: ஆட்டோகேட் ஃபைல் மீட்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கம் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வீட்டு பிளானோ, விசைப்படகு வரைபடமோ போடுகிறவர்களுக்கு வேலை கைவிட்டுப் போவது பெரும்பாலும் கரண்ட் போன நொடியில் அல்ல, கம்ப்யூட்டரை மறுபடி போட்ட பிறகுதான்.

பதற்றத்தில் பழைய ஃபைலைத் திறந்து, நாலு கோடு போட்டு, சேவ் கொடுத்துவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இல்லை. ஒவ்வொரு சேவிலும் முந்தைய நிலை பிஏகே (.bak) என்ற பேக்கப் ஃபைலாகிவிடும், அதுவரை இருந்த பிஏகே போய்விடும். சிதைந்த டிராயிங்கை இரண்டு முறை சேவ் செய்தால் நல்ல பிரதி எங்கும் மிஞ்சாது. அதனால் முதல் வேலை, டிராயிங்கின் டிடபிள்யூஜி (.dwg) ஃபைல், பிஏகே, இடையிடையே தானாகச் சேவ் ஆகும் ஆட்டோசேவ் ஃபைல் மூன்றையும் தனி ஃபோல்டரில் காப்பி எடுப்பது.

ஆட்டோசேவ் ஃபைல் பிளான் இருக்கும் ஃபோல்டரில் இருக்காது. ஆட்டோகேட்டின் கமாண்ட் லைனில் 'சேவ்ஃபைல்பாத்' (SAVEFILEPATH) அடித்தால் இடம் தெரியும். வழக்கமாக விண்டோஸின் டெம்ப் ஃபோல்டர். சிஸ்டம் மெதுவாக இருக்கிறதென்று டெம்ப்பைச் சுத்தம் செய்தால் அதுவும் போச்சு. இன்னொன்று: டிராயிங்கை முறையாக மூடினால் ஆட்டோகேட்டே அந்த ஃபைலை அழித்துவிடும். மூடும்போது 'நோ' அழுத்திவிட்டு அதை நம்பியிருக்க முடியாது.

மீட்க, 'டிராயிங்ரெகவரி' (DRAWINGRECOVERY) கொடுங்கள். கிடைத்த ஃபைல்களில் நேரத்தைப் பார்த்து, கடைசியானதைத் திறந்து புதுப் பெயரில் சேவ் செய்யுங்கள். பட்டியலில் வராவிட்டால், காப்பி எடுத்த ஆட்டோசேவ் ஃபைலின் எக்ஸ்டென்ஷனை (பெயரின் கடைசியில் வரும் எஸ்வி-டாலர், .sv$) டிடபிள்யூஜி என்று மாற்றித் திறக்கலாம். விண்டோஸில் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பெயர்தான் மாறும், வகை மாறாது. அப்படியும் திறக்காவிட்டால் 'ரெகவர்' (RECOVER), திறந்தபின் 'ஆடிட்' (AUDIT) கொடுத்துப் பிழைதிருத்தத்துக்கு 'யெஸ்' (Yes).

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டோசேவ் என்பதைச் சொல்லும் 'சேவ்டைம்' (SAVETIME) வழக்கமாக 10 நிமிடம். நம் கரைக்கு 5 போதும். பெரிய டிராயிங் நின்று நின்று போகிறதென்று யாராவது 0 வைத்திருந்தால் ஆட்டோசேவே நடக்காது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பார்த்துவிடுங்கள்.

பென்டிரைவிலிருந்தே ஃபைலைத் திறந்து வரையாதீர்கள். டி டிரைவுக்குக் காப்பி செய்து வேலை பாருங்கள், முடிந்ததும் திரும்பப் போட்டு, 'எஜெக்ட்' கொடுத்து எடுங்கள்.

யுபிஎஸ் கத்த ஆரம்பித்தால் அது சேவ் செய்து மூடுவதற்கான நேரம், மிச்ச அறையை வரைந்து முடிப்பதற்கானது அல்ல. உப்புக்காற்றில் பேட்டரி முனை அரித்திருந்தால் அந்தச் சில நிமிடமும் கிடைக்காது. மழைக்கு முன், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, யுபிஎஸ்ஸின் அதே பிளக்கில் கம்ப்யூட்டர் இழுக்கும் அளவு வாட் உள்ள ஒரு பல்பைப் போட்டு, யுபிஎஸ்ஸுக்கு வரும் கரண்டை நிறுத்தி, எத்தனை நிமிடம் தாங்குகிறதென்று பாருங்கள்.